இருபது வரை எண்ணு

குமரா, நீ வேகமாக எண்ணினாய். அதனால் கலியபெருமாள் செத்தான். அவன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, என்றைக்குமே குடித்ததில்லை. இதையேதான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களிலும் எழுதினேன். இரண்டையும் ஒட்டி அனுப்பினேன். இரண்டோடும் என் விலாசம் எழுதிய ஒரு கார்டை வைத்தேன். ‘வருகிறேன்’ என்ற வார்த்தையைக்கூட நானே அதில் எழுதியிருந்தேன், நீ கையெழுத்துப் போட்டுத் தபால் பெட்டியில் போட்டால் போதும் என்று. ஒரு கார்டும் திரும்பவில்லை. இந்த மூன்றாவது கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. இதன் இன்னொரு பிரதியைக் கம்பெனி வாசலில் உள்ள சங்கப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். எட்டாவது வரை படித்த என் கையெழுத்தைப் படிக்க யாருக்கும் சிரமம் இருக்காது. ஊர் முழுக்கப் படித்துவிட்ட ஒன்றை நீ மட்டும் படிக்காததுபோல இருப்பது இனிமேல் கஷ்டம்.

போன மாதம் உன்னை ரேடியோவில் கேட்டேன். ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றிருந்தோம், நானும் அஞ்சலையும். இளம் இசையமைப்பாளர் என்று உன் பெயரைச் சொன்னார்கள். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். நீ பேசினாய். மாணவனாக இருந்தபோது உன் ஊர்ப் பீங்கான் கிண்ணங்கள்தாம் உனக்கு மெட்டுப் போடக் கற்றுக்கொடுத்தன என்றாய். உன் முதல் மெட்டின் நடுவே வரும் அந்த நீண்ட மௌனத்தை உன் ஆசிரியர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள் என்றாய். அது எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, “தானாக அமைந்தது” என்று சொன்னாய். கடையில் நின்றவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “உன் புள்ள நல்லாத்தான் பேசுது அக்கா” என்றாள். நான் மிச்ச டீயைத் தரையில் ஊற்றினேன்.

உனக்குக் காது என்னிடமிருந்து வந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, ஒளிக்க மாட்டேன். நான் வேலை செய்கிற கொட்டகையில் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கிண்ணத்தையும் இடது கையில் ஏந்தி, வலது கையிலுள்ள மரக்குச்சியால் ஒரு தட்டு தட்டுவோம். நல்லதாக இருந்தால் மணி மாதிரி நீளும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக் என்று நின்றுவிடும். எடு, தட்டு, வை. நாள் முழுக்க அதே வேகம். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மூச்சு. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுவதை, உனக்கு நாலு வயதாக இருந்தபோது, மண் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். உன் அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போனால் அரவை முடிகிறவரை வர மாட்டார். உன்னை விட்டுவர எனக்கு வேறு இடமில்லை. அந்தப் புழுதியையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் உனக்குக் கொடுத்தேன்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் உனக்கு மெட்டுப் போடும் பைத்தியம் பிடித்தது. கழித்துப்போட்ட கிண்ணங்களை எடுத்துவந்து வீடு முழுக்கப் பரப்பினாய். தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்ப்பாய். முதலில் நீ போட்டதெல்லாம் எங்கேயோ கேட்ட மெட்டுகள். நான் அரிசி களைந்துகொண்டே, இது ரேடியோவில் வந்தது, இது மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் வந்தது என்று சொல்லுவேன். நீ கோபித்துக்கொண்டு நோட்டில் எழுதியதை அடிப்பாய். ஒரு மழைக்காலம் முழுக்க அடித்தாய். பிறகு ஒருநாள் நீ தட்டியதை எங்கேயும் கேட்டதில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் அரிசி களைவதை நிறுத்தினேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்தாய். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இல்லாதிருந்தால் பின்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

தண்ணீர் உனக்குத் தொந்தரவாக இருந்தது. வெயிலில் வற்றினால் சுருதி ஏறுகிறது, வாசிக்கும்போது சிந்தினால் மாறுகிறது என்றாய். தண்ணீரே வேண்டாம், ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒவ்வொரு கனத்தில் வார்த்துச் சுட்டால் சுருதி கிண்ணத்திலேயே நிற்கும் என்று நீதான் கண்டுபிடித்தாய். அந்தச் சமயத்தில்தான் கம்பெனி புதிய சூளை கட்டி முடித்து, திறப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த வருஷம். எல்லா விழாவிலும் புதுப் பாட்டு வேண்டும் என்று எல்லோரும் அலைந்தார்கள். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். நம் மண்ணில் செய்த கிண்ணங்களை வைத்து, நம் தொழிலாளியின் மகன் மெட்டுப் போட்டு, மேடையில் வாசிக்க வேண்டும். நன்றாக அமைந்தால் மெட்ராஸ் இசைப் பள்ளியில் சேர அவர் கடிதம் கொடுப்பார். அங்கே அவருடைய கடிதத்துக்கு மதிப்பு உண்டு. நம்முடைய காதுக்கு இல்லை. நீயும் நானும் அதைப் புரிந்துகொண்டோம்.

அச்சு வேலைக்காரர்கள் பன்னிரண்டு கிண்ணங்களை உன் சொல்படி வார்த்துக் கொடுத்தார்கள். சுடாத மண் கிண்ணத்தைத் தட்டினால் டொப் என்றுதான் கேட்கும். நெருப்பு அதை எவ்வளவு சுருக்கும், என்ன சுருதியில் நிறுத்தும் என்பது வெளியே எடுத்த பிறகுதான் தெரியும். நீ கேட்காத சுரங்களை நம்பித் தாளில் ஒரு முழு மெட்டு எழுதி வைத்திருந்தாய். வியாழக்கிழமை பழைய சூளையில் நெருப்பை நிறுத்தினார்கள். சூளை ஆற நான்கு நாள் வேண்டும். விழா அடுத்த ஞாயிறு. சனிக்கிழமையே கிண்ணம் கைக்கு வந்தால்தான் எட்டு நாள் பழக முடியும் என்று நீ துடித்தாய். மேனேஜரிடம் போய்க் கேட்டாய். அவர் திறக்கச் சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. சூளைக்காரன் சம்மதித்தால் எனக்கென்ன என்றார். அந்த மாதிரி ஆட்கள் பேசுவது அப்படித்தான். பின்னால் எதுவும் அவர்கள் தலையில் விழாது.

சூளைக்காரன் கலியபெருமாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் சைக்கிளில் வருவான். வாயில் வெற்றிலை இல்லாமல் அவனைப் பார்த்ததில்லை. சூளை வாசலைச் செங்கல் வைத்துச் சுவராக அடைத்திருப்பார்கள். ஆறிவிட்டதா என்று பார்க்க நம்மிடம் ஒரே ஒரு வழக்கம்தான் இருந்தது. கம்பெனி ஒரு வெப்பமானிகூட வாங்கி வைக்கவில்லை. பிரிக்கப்போகிறவன் அந்தச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைப்பான். இன்னொருவர் இருபது வரை எண்ணுவார். இருபது முடிகிறவரை கை தாங்கினால் பிரிக்கலாம். தாங்கவில்லையென்றால் இன்னொரு நாள். கை வைத்தவனே எண்ணக் கூடாது, சூட்டில் அவசரப்படுவான். அதற்காகத்தான் எண்ணுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். கையைக் கொடுப்பது ஒருவன், நேரத்தைக் கொடுப்பது இன்னொருவர். இதை உனக்கு விளக்கிச் சொன்னவளே நான்தான், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது. எண்ணுகிற வேகம் எது என்று கேட்டாய். நான் தட்டுகிற வேகம் என்றேன். எடு, தட்டு, வை: ஒன்று. எடு, தட்டு, வை: இரண்டு.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு நாம் மூன்று பேரும் அங்கே நின்றோம். கலியபெருமாளைக் கூட்டிவந்தது நான். அவன் முதலில் முடியாது என்றுதான் சொன்னான்.

“நாளான்னிக்கிப் பிரிக்கலாம் அக்கா. உள்ள கிண்ணம் வச்ச பெட்டியெல்லாம் இன்னும் செவப்பாத்தான் இருக்கும்.”

“கைய வச்சிப் பாரு. தாங்குச்சின்னா பாக்கலாம். புள்ளைக்கு இது பெரிய காரியம்.”

“உம் புள்ளைக்குன்னா வைக்க மாட்டனா” என்று சொல்லி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். “நீ எண்ணு சாமி. மேளக்காரன் வூட்டுக் கல்யாணம் மாதிரி அடிச்சி வுடாத.”

அவன் கையை வைத்தான். நீ எண்ணினாய். முதல் நாலு சரியாக வந்தது. ஐந்திலிருந்து மாறியது. உன் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நீ இரட்டிப்புக் காலத்துக்குத் தாவிவிட்டாய். ஒரு தட்டுக்கு இரண்டு எண். உன் தாளம் சுத்தமாக இருந்தது, ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. அவன் நெற்றி வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இருபது என்று நீ சொன்னபோது என் கணக்கில் பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. கையை எடுத்து இடுப்புத் துணியில் தேய்த்துக்கொண்டு அவன் சிரித்தான். “என்னா சாமி, எண்றதே பாட்டு மாதிரி ஓடுது” என்றான். அவனுக்கே ஏதோ உறுத்தியிருக்கிறது. நீ என்னைப் பார்த்தாய். பதினைந்து வருஷமாக ஒரே வேகத்தில் தட்டுகிற எனக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சம்மதமென்று நீ எடுத்துக்கொண்டாய். அது சம்மதம்தான்.

அவன் செங்கல்லைப் பிரித்தான். அனல் நம்மைப் பின்னால் தள்ளியது. உள்ளே மண்பெட்டிகள் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன; ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கிண்ணங்கள். வெளிக்காற்று உள்ளே போனதும் கிண்ணங்கள் சத்தம் போட ஆரம்பித்தன. கிண், கிண் என்று, ஒன்றுக்குப் பின் ஒன்று, எந்தத் தாளத்திலும் அடங்காமல். சூடு ஆறாத பீங்கானில் குளிர்ந்த காற்றுப் பட்டால் மேல்பூச்சு வெடிக்கிற சத்தம் அது. கிண்ணம் வெடித்தால் பெட்டியும் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். ஈரச் சாக்கைத் தலையில் போட்டு, கையிலும் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்த கலியபெருமாள், “ஒன் கிண்ணம் பாட ஆரம்பிச்சிடுச்சி சாமி” என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். அவன் உன் கிண்ணங்கள் இருந்த பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் திரும்பினான். கீழ்ப்பெட்டி விண்டு, அந்த அடுக்கு முழுதும் அவன்மேல் சாய்ந்தது. அவனை வெளியே இழுத்தவர்களின் கைகள் வெந்துபோயின. நீ ஒரு சாக்கால் பிடித்து உன் பெட்டியை வாசலிலிருந்து தள்ளி வைத்தாய். வழியில் இருந்ததால் வைத்தாய் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது தாளை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். கலியபெருமாள் குடித்துவிட்டு, யார் சொல்லையும் கேட்காமல், தானாகச் சூளைக்குள் நுழைந்தான். சுவர் முறைப்படி இருபது எண்ணிப் பார்க்கப்பட்டது. இரண்டாம் நாள் திறந்ததில் தவறில்லை. அடியில் இரண்டு சாட்சிகளுக்கு இடம். தாளின் பக்கத்தில் உன் மெட்ராஸ் கடிதம், மேனேஜரின் கையெழுத்தோடு. அவர் அதைச் சுட்டிக்கூடக் காட்டவில்லை. நான் வெளியே வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியைக் காலில் நசுக்கிக்கொண்டே, “போட்டுட்டு வா. செத்தவன் வரப்போறதில்ல, புள்ளையாவது பொழைக்கட்டும்” என்றார். நான் முதலில் போட்டேன். பேனாவை உன் கையில் நான்தான் கொடுத்தேன். உனக்குப் பதினெட்டு வயது. நீ மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என் கையெழுத்தை நானும் அடித்திருப்பேனா? சொல்லித்தான் பார்த்திருக்க வேண்டும்.

விழா நடந்தது. ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை. உன் பன்னிரண்டு கிண்ணங்களில் மூன்று டொக் என்றன. மூன்று சுரம் இல்லாமல் மெட்டு நொண்டியது. நீ அந்த எட்டு நாளும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மெட்டை மாற்றினாய். அந்த மூன்று சுரங்களும் வரவேண்டிய இடத்தை நிரப்பாமல் அப்படியே விட்டாய். நீ உண்மையாக மெட்டுப் போடக் கற்றுக்கொண்டது அந்த எட்டு நாளில்தான், அதை மறுக்க மாட்டேன். மேடையில் அந்த இடம் வந்தபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெரிய மனிதர்கள் தலையை ஆட்டினார்கள். மெட்ராஸில் உன்னைச் சேர்த்துக்கொண்டதும் அந்த இடத்துக்காகத்தான் என்று நீயே எழுதினாய். குமரா, அது தானாக அமையவில்லை. அந்த இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான்.

இன்று நீ மெட்டுப் போடுகிற மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து, நீ கை அசைப்பதற்காகக் காத்திருப்பார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு நேரத்தைக் கொடுக்கிறவன் நீ. ஒரு தாய் மகனுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: உன் அவசரத்தை இன்னொருவன் உள்ளங்கையில் வைக்காதே. பாட்டு நன்றாக வந்துவிட்டது என்பதால் அது வந்த வழி சரியாகிவிடாது. இதை நான் உனக்குப் பதினெட்டு வயதில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாமல் பேனாவைக் கொடுத்தவளின் புத்திமதி உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்.

இப்போது ஏன் என்று கேட்பாய். கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். எல்லாச் சூளையையும் இரண்டாம் நாளே பிரிக்க வேண்டும் என்கிறார். கை வைத்து எண்ணுகிற வழக்கத்தையும் நிறுத்திவிட்டார். வேலை செய்ய மனமில்லாதவர்கள் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறார்களாம். போன வாரம் ஒரு அடுக்கு சாய்ந்தது. உள்ளே ஆள் இல்லாத நேரம். நேற்று இன்னொன்று விண்டு நிற்கிறது. சூளைக்குள் போகிற கூட்டத்தில் அஞ்சலையின் தம்பி வீராசாமியும் இருக்கிறான். சங்கம் நான்கு நாள் வேண்டும் என்று எழுதிக் கேட்டது. பதிலுக்கு அவர்கள் பழைய தாளை எடுத்து நீட்டினார்கள். இரண்டாம் நாள் திறந்ததால் யாரும் சாகவில்லை, ஒரு குடிகாரன் செத்தான், அவ்வளவுதான். இதோ இரண்டு கையெழுத்து என்றார்கள். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. வியாழக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி நேரில் வருகிறார். என் சாட்சியை மாற்றிச் சொல்லப்போகிறேன் என்றேன். சங்கத்துக் கொடி பிடிக்கிற பெண் அப்படித்தான் சொல்லுவாள் என்று கம்பெனி வக்கீல் சிரித்தாராம். எண்ணியது நான் இல்லையே. எண்ணியவன் சொன்னால்தான் அந்தத் தாள் கிழியும்.

அஞ்சலையிடம் நான் சொல்லிவிட்டேன். ரேடியோ கேட்ட மறுநாள், கொட்டகையில், வேலைக்கு நடுவே. ஒன்பது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிறாள். ஒன்பது வருஷமாக அவளை இந்த ஊர் குடிகாரன் பெண்டாட்டி என்று சொல்கிறது. தண்ணீர்க் குழாயில் சண்டை வந்தால் முதல் வார்த்தையே அதுதான். அவளும் பாதி நம்பியிருந்தாள். வெற்றிலை வாசத்தில் நமக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒருதரம் என்னிடமே கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொன்னேன்: கை, எண்ணிக்கை, நீ என்னைப் பார்த்தது, நான் முகத்தைத் துடைத்தது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. எடுத்தாள், தட்டினாள், வைத்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். இருபது கிண்ணம் போயிருக்கும். அதன் பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“நீ சொன்னத கேட்டுக்கிட்டேன் அக்கா. எண்ணுன வாயால நான் கேக்கணும்.”

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இடத்தை மாற்றி உட்காரவும் இல்லை. அதே இடத்தில், என் முழங்கை படும் தூரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். என் இருமல் கூடிவிட்டது. கம்பெனி டாக்டர் வியாதியின் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் இருமும்போது மட்டும் அவள் குச்சி ஒரு நொடி நிற்கிறது. அவ்வளவுதான் அவள் எனக்குக் கொடுப்பது.

இன்று திங்கள். இந்தக் கடிதம் நாளை உன் கையில் இருக்கும். புதன்கிழமை ராத்திரி வண்டி ஏறினால் விடிவதற்குள் ஊர் வந்துவிடலாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி பழைய சூளைக்கு முன்னால் நிற்பார். அஞ்சலை நிற்பாள். நெருப்பு நிறுத்தி இரண்டாம் நாளான சுவரில் வீராசாமி உள்ளங்கையை வைப்பான். நீ வந்து எண்ணு, குமரா. அன்றைக்கு எண்ணிய வேகத்தில் ஒருதரம். எண்ணியிருக்க வேண்டிய வேகத்தில் ஒருதரம். இரண்டுமே அஞ்சலைக்குக் கேட்கும்படி, வாயைத் திறந்து, இருபது வரை எண்ணு.